காதைப் பறித்துக்கொண்டு கருவி வழங்கும் விழா

அரசு விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வரும் படம் ஒன்று உண்டு. முதியவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருப்பார். அமைச்சர் ஒருவர் குனிந்து அவருடைய காதுக்குப் பின்னால் ஒரு சிறு கருவியைப் பொருத்துவார். முதியவர் சிரிப்பார், சுற்றிலும் நிற்பவர்கள் கைதட்டுவார்கள். மேடையின் பின்திரையில் பிரதமரின் முகம், கருவியைப் பெறுபவரின் உருவத்தைப் போல் இருபது மடங்கு பெரிதாக இருக்கும்.

2020 பிப்ரவரி 29 அன்று பிரயாக்ராஜில் நடந்த முகாமில் 26,000-க்கும் மேற்பட்டோருக்கு 56,000-க்கும் மேற்பட்ட உபகரணங்கள் வழங்கப்படுவதாக அரசே பெருமையுடன் அறிவித்தது. மூன்று சக்கர வண்டி, சக்கர நாற்காலி, ஊன்றுகோல், செவிக்கருவி எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். மூத்த குடிமக்களுக்கென 2017-இல் நெல்லூரில் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டமும் இதே வழியில் நடப்பதுதான். முகாம், மேடை, பயனாளி, புகைப்படம் என்று வரிசை மாறாமல் நடக்கிறது.

ஏழைக்குக் கருவி கிடைப்பதை யாரும் குறை கூறப்போவதில்லை. நமது கேள்வி வேறு. அந்த மனிதரின் காது எங்கே போயிற்று? விழா முடிந்து வீடு திரும்பியபின் அந்தக் கருவி என்ன ஆகிறது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லாமல் நடத்தப்படும் விழா, குற்றத்தையும் மறைக்கிறது, பரிகாரத்தையும் பொய்யாக்குகிறது.

முதற்கேள்விக்கு விடை தேடி நாம் சூரத் செல்ல வேண்டும். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக இளைஞர்கள் அந்நகரத்தின் விசைத்தறிக் கூடங்களுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு நேர வேலை என்பது 12 மணி நேரம். மீட்டர் கணக்கில் கூலி என்பதால் ஒருவரே பல தறிகளை ஓடியாடிக் கவனிக்க வேண்டும். தங்குவது 'மெஸ்' எனப்படும் அறைகளில். பகல் வேலைக்குச் சென்றவரின் பாயில் இரவு வேலை முடிந்து வந்தவர் படுக்கிறார். பல மெஸ்கள் தறிக்கூடங்களை ஒட்டியே இருப்பதால் உறக்கத்திலும் தறியின் ஓசை ஓய்வதில்லை. கூடத்திற்குள் யாரும் யாருடனும் வாயால் பேசிக்கொள்ள முடியாது. கையசைவும் உதட்டசைவும்தான் மொழி. லங்காஷயர் பஞ்சாலைகளின் பெண் தொழிலாளர்களும் இதே போல உதடுகளைப் பெரிதாக அசைத்துத் தமக்கென ஒரு பேச்சுமுறையை உண்டாக்கிக்கொண்டார்கள். நாடும் நூற்றாண்டும் மாறின. இரைச்சல் மாறவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். தொழிற்சாலை மாதிரி விதிகளில் இரைச்சலுக்கு ஓர் அட்டவணை உள்ளது. 90 டெசிபெல் என்றால் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வேலை செய்யலாம். ஒவ்வொரு 5 டெசிபெல் உயர்வுக்கும் நேரம் பாதியாகும். 95 என்றால் 4 மணி, 100 என்றால் 2 மணி. நாடா ஓடும் பழைய ரகத் தறிகள் நெருக்கமாக நிறுத்தப்பட்ட கூடத்தில் 100 டெசிபெல் என்பது மிகையான மதிப்பீடன்று. அப்படியானால் அங்கு ஒரே ஒரு 12 மணி நேர வேலையில் தொழிலாளி பெறுவது, சட்டம் அனுமதிக்கும் இரைச்சலில் ஆறு நாட்களுக்குரியது.

நமது அட்டவணையே தாராளமானது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 85 டெசிபெலையே 8 மணி நேரத்திற்குரிய எல்லையாகப் பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. காரணம் எளிது. டெசிபெல் கூட்டல் கணக்கில் ஏறுவதன்று. 3 ஏறினால் ஒலியாற்றல் இரட்டிப்பாகிவிடும். அந்தக் கணக்கின்படி 100 டெசிபெல்லில் ஒருவர் நிற்கத்தக்க நேரம் 15 நிமிடம். கஞ்சத்திலிருந்து வந்த இளைஞரின் 12 மணி நேரத்தில் எத்தனை பதினைந்து நிமிடங்கள்? நாற்பத்தெட்டு. ஒரு நாள் வேலைக்குள் நாற்பத்தெட்டு நாள் இரைச்சல் அவருடைய காதில் இறக்கப்படுகிறது.

இரைச்சல் செவித்திறனை அழிக்கும் என்பது நேற்றுக் கண்டுபிடித்த அறிவியலன்று. இத்தாலிய மருத்துவர் ரமாஸினி, வெனிஸ் நகரத்துச் செம்புக் கொல்லர்கள் ஓயாத சம்மட்டி ஓசையால் காது கேளாதவர்களாவதை 1713-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே எழுதிவிட்டார். 1886-இல் கிளாஸ்கோவின் தாமஸ் பார், கொதிகலன் செய்யும் நூறு தொழிலாளர்களைச் சோதித்து, அவர்களுள் ஒருவருக்குக்கூட இயல்பான செவித்திறன் இல்லை என்று கண்டார். இயந்திரத் தொழிலைப் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் புலன்களுக்கு நேரும் கேடுகளை அடுக்கும்போது இரைச்சலை மறக்கவில்லை. முந்நூறு ஆண்டுகளாகத் தெரிந்த நோய் இது. வந்தபின் மீட்க மருந்து கிடையாது. வராமல் தடுப்பதோ முற்றிலும் இயலும். உட்செவியின் நத்தைவடிவ உறுப்பில் ஒலியை நரம்புத்துடிப்பாக மாற்றும் மயிரிழைச் செல்கள் பிறப்பிலேயே எண்ணி வைக்கப்பட்டவை. அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

சட்டமும் இதை அறியும். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாக இருந்தது. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் அது இழப்பீட்டுக்குரிய தொழில்நோய். ஆனால் எந்தத் தறிக்கூட முதலாளி தன் தொழிலாளியின் காது போயிற்று என்று ஆய்வாளருக்குக் கடிதம் எழுதுவார்? அதற்கு முதலில் அவர் அந்த மனிதரைத் தன் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பதிவேட்டில் பெயர் இல்லை. ஒரே கூரையின் கீழுள்ள தறிகள் மூன்று நான்கு உறவினர் பெயர்களில் பிரிக்கப்பட்டிருக்கும்.

இந்தப் பித்தலாட்டத்துக்குத்தான் ஒன்றிய பாஜக அரசு இப்போது சட்டத்தின் முத்திரையைக் குத்தியிருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுள் ஒன்று, பணியிடப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரம் பற்றியது. மின்விசையால் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தாலே அது தொழிற்சாலை என்றது பழைய சட்டம். இனி 20 பேர் இருக்க வேண்டும். மின்விசை இல்லாத இடத்தில் 20 என்பது 40 ஆகிவிட்டது. நோய்களின் பட்டியலில் இரைச்சல் இழப்பு இன்றும் இருக்கிறது. நோயாளிகளில் பெரும்பாலோர்தாம் பட்டியலுக்கு வெளியே தள்ளப்பட்டுவிட்டார்கள்.

இதற்கு ஈடாக, நாற்பது வயது கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்று முரசறைகிறார்கள். இரைச்சல் இழப்பின் இயல்பை அறிந்த எவருக்கும் இது கொடூரமான நகைச்சுவையாகத் தோன்றும். இவ்விழப்பு முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான் மிக விரைவாக நிகழ்கிறது. பதினெட்டு வயதில் தறிமுன் நின்றவனுக்கு முப்பதுக்குள் போக வேண்டியதெல்லாம் போய்விடும். நாற்பதில் சோதித்து என்ன காணப்போகிறார்கள்? கொள்ளை போன வீட்டுக்குப் பத்தாண்டு கழித்துப் பூட்டுச் சரிபார்க்க வருகிறார்கள்.

"காதடைப்பான் கொடுத்தோம், அவர்கள்தான் போட்டுக்கொள்வதில்லை" என்பது முதலாளிகளின் வழக்கமான பதில். வியர்வை வழியும் கூடத்தில் 12 மணி நேரம் காதை அடைத்துக்கொண்டு, தறியின் ஓசை மாறுவதையும் நூல் அறுவதையும் கவனித்துக்கொண்டு, மீட்டர் கணக்கையும் எட்ட வேண்டும் என்றால் அதை முதலாளியே ஒரு நாள் செய்து காட்டட்டும். பணியிடப் பாதுகாப்பு அறிவியலில் காதடைப்பான் கடைசி வரிசையில் நிற்பது. அதற்கு முன் இயந்திரத்தைப் பராமரித்தல், அதிர்வைத் தாங்கும் அடித்தளம், தறிகளுக்கிடையே இடைவெளி, ஒலியை உறிஞ்சும் மேற்கூரை, எல்லாவற்றுக்கும் மேலாக வேலைநேரக் குறைப்பு ஆகியவை உள்ளன. இவை அனைத்தும் முதலாளியின் செலவுக் கணக்கில் ஏறுபவை. காதடைப்பானோ சில ரூபாயில் முடிந்துவிடும். காது போனாலும் அவருக்குச் செலவில்லை. அது தொழிலாளி, அவர் மனைவி, அவர் குழந்தைகள் ஆகியோரின் கணக்கில் எழுதப்படும்.

காது போவது என்றால் என்ன என்பதை நம் இயக்கத்தவர்களும் சற்று நின்று அறிந்துகொள்ள வேண்டும். ஒலி குறைந்து ஒலிக்கும் வானொலியைப் போல உலகம் ஆகிவிடும், சற்று உரக்கப் பேசினால் சரியாகிவிடும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். அப்படியன்று. இரைச்சல் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த அதிர்வெண்களை. பேச்சொலியில் உயிர் ஒலிகளின் வலிமை தாழ்ந்த அதிர்வெண்களில் உள்ளது. வல்லின மெய்களின் வெடிப்பும் உரசலும் உயர்ந்த அதிர்வெண்களில் உள்ளன. ஆகவே உயிர் கேட்கும், மெய் கேட்காது. கட்டு, தட்டு, பட்டு என்ற மூன்று சொற்களும் ஒரே 'அட்டு' ஆகிவிடும். ஒருவர் பேசுகிறார் என்பது நன்றாகக் கேட்கிறது, என்ன பேசுகிறார் என்பது கேட்பதில்லை. "கேட்க வேண்டியது மட்டும் கேட்குது" என்று வீட்டிலுள்ளோர் குத்திக்காட்டுவதற்கும், "மந்தம்" என்று மேஸ்திரி பட்டம் சூட்டுவதற்கும் இந்தப் பாதிக் கேட்டல்தான் காரணம். தமிழிலக்கணம் உயிரையும் மெய்யையும் பிரித்துப் பெயரிட்டது. பேச்சிலிருந்து மெய்யை மட்டும் உருவியெடுத்தால் எப்படியிருக்கும் என்பதை இரைச்சல் தொழில்கள் செய்து காட்டியிருக்கின்றன.

உரக்கக் கத்துவதால் பயனில்லை என்பது மட்டுமன்று, கேடும் உண்டு. மெல்லொலி கேட்காத அதே காது வல்லொலியைத் தாங்க முடியாமல் துன்புறும். கேட்கத் தொடங்கும் அளவுக்கும் வலிக்கத் தொடங்கும் அளவுக்கும் இடையிலான வெளி குறுகிவிடுகிறது. நமது மேடைகளில் "செவிட்டு அரசே" என்று முழங்குவதும், செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஆள்வோரைச் சாடுவதும் வழக்கம். 1929 ஏப்ரல் 8 அன்று மத்திய சட்டமன்றத்தில் பகத்சிங்கும் படுகேஸ்வர் தத்தும் வீசிய துண்டறிக்கையும் இந்த உவமையோடுதான் தொடங்கியது. அன்று அவையின் முன்னிருந்தவற்றுள் ஒன்று தொழிற்தகராறு மசோதா என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தியாகிகளின் வாசகத்தைத் திருத்தும் வேலை நமக்கில்லை. ஆனால் இன்று புதிதாக எழுதுகிறவர்கள் வேறு சொல் தேடலாம். ஆள்வோருக்குக் காது நன்றாகவே கேட்கிறது. பங்குச்சந்தையின் முணுமுணுப்புக்கூட அவர்களை எட்டுகிறது. கேளாமையை அவர்கள்மீது ஏற்றுவது, கேட்காத தறித் தொழிலாளிக்குச் செய்யும் அநீதி.

இரண்டாவது கேள்வி கருவியைப் பற்றியது. நான் ஈராண்டுகளாக இரு காதுகளிலும் கருவி அணிந்து வருகிறேன். இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசும் தலைவர்களின் உரையை மேடையில் நின்று தமிழில் பெயர்ப்பது என் பணிகளுள் ஒன்று என்பதால், இதைப் பற்றிச் சிறிது சொல்ல எனக்கு உரிமையுண்டு. எனக்கு நேர்ந்தது வயது சார்ந்த இழப்பு, தறி தந்ததன்று. முதலில் சென்ற கடையில் என் காதைச் சோதிப்பதற்கு முன்பே "எவ்வளவு பட்ஜெட் சார்?" என்று கேட்டார்கள். முழுநேர ஊழியனின் படியில் எந்த பட்ஜெட்டும் அடங்காது. என் இணையரின் ஆசிரியர் சம்பளத்திலிருந்து தவணை கட்டி முடித்தோம்.

கருவியைக் காதில் மாட்டிய நொடியில் உலகம் திரும்பிவிடும் என்பது விளம்பரப் பொய். முதல் நாள் திரும்பியது உலகமன்று, அதன் சத்தம். செய்தித்தாளை மடிக்கும் ஓசை சுள்ளியை முறிப்பது போலிருந்தது. குழாய்நீர், மின்விசிறி, தோசைக்கல், தெருவில் போகும் ஸ்கூட்டர் எல்லாம் ஒரே தூரத்தில், ஒரே உரப்பில், ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. என் குரலே பானைக்குள்ளிருந்து யாரோ பேசுவதாக ஒலித்தது. இத்தனை ஆண்டுகளாக எட்டாதிருந்த ஒலிகளில் எதைப் புறக்கணிப்பது, எதைக் கவனிப்பது என்று பிரித்தறியும் பழக்கம் மூளைக்கு விட்டுப்போயிருந்தது. அது மீண்டும் கற்றாக வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். முதலில் வீட்டில் சில மணி நேரம், பிறகு ஒருவரோடு மட்டும் உரையாடல், அப்புறம் நால்வர் பேசுமிடம், கடைசியாகத் தெரு என்று படிப்படியாகப் பழக வேண்டும்.

இதற்கிடையில் ஆடியாலஜிஸ்டிடம் நான்கு முறை சென்றேன். ஒவ்வொரு முறையும் எந்த ஒலி குத்துகிறது, எந்த எழுத்து இன்னும் விடுபடுகிறது என்று அவர் கேட்டுக் கேட்டுக் கருவியின் அமைப்பை மாற்றினார். மூன்றாவது முறைக்குப் பின்தான் 'ச'வும் 'த'வும் தனித்தனியே வந்தன. இன்றும் கான்கிரீட் சுவரும் இரும்பு நாற்காலியும் நிறைந்த கூடத்தில் பின்வரிசையில் அமர்ந்தால் பேச்சு எதிரொலியில் கரைந்துவிடுகிறது. முன்வரிசையில், பேசுபவரின் முகம் தெரியும் இடத்தில் அமர்கிறேன். கருவி செய்யாததைக் கண்கள் செய்கின்றன.

இத்தனையும் சொல்வது இரக்கம் தேடி அன்று. செவிக்கருவி கைமாறுவதோடு முடிகிற பண்டமன்று என்பதற்காகவே சொல்கிறேன். ஒவ்வொருவருடைய காதின் வடிவத்துக்கும் அச்சு எடுக்க வேண்டும். கடையில் கிடைக்கும் பொது அளவு ரப்பர் முனையைச் செருகினால் ஒலி கசிந்து கீச்சிடும். ஒவ்வொருவருடைய ஆடியோகிராமுக்கும் ஏற்பக் கருவியை இசைவிக்க வேண்டும். அவரவர் தாய்மொழியில் பேச்சைப் புரிந்துகொள்ளும் சோதனை வேண்டும். பழகும் காலத்தில் திரும்பத் திரும்பப் பார்க்க ஆள் வேண்டும். துத்தநாக-காற்று பேட்டரி ஒன்று இரண்டு வாரங்களில் தீர்ந்துவிடும். நமது வெயிலிலும் வியர்வையிலும் கருவி நனைந்து கெடும், பழுது பார்க்க இடம் வேண்டும். முகாமில் இவற்றுள் எது உண்டு? அட்டைப்பெட்டி உண்டு, கைதட்டல் உண்டு. ஒரு வாரம் கழித்து, "இரைச்சல் தாங்கவில்லை" என்று முதியவர் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார். அரசின் கணக்கிலோ அவர் என்றென்றைக்கும் பயனாளி.

சூரத் தொழிலாளியின் நிலை இன்னும் விசித்திரமானது. அவர் கருவியை அணிந்துகொண்டு தறிக்கூடத்தில் நிற்க முடியாது. அது இரைச்சலையும் பெருக்கும். கழற்றிவைத்தால் கேட்காது. ஆக, 12 மணி நேரம் கருவிக்கு வேலையில்லை. மீதியுள்ள நேரத்தில் பெரும்பகுதி அவர் உறங்கியாக வேண்டும். காரணத்தை அப்படியே வைத்துக்கொண்டு பரிகாரம் வழங்கினால் எஞ்சுவது புகைப்படம்தான்.

அந்தப் புகைப்படத்துக்குள் நுழையவும் அவருக்கு வழியில்லை. ஒன்றிய அரசின் அடிப் திட்டத்தில் இலவசக் கருவி பெற 40 விழுக்காடு குறைபாட்டுக்கான சான்றிதழ் வேண்டும். முழு உதவிக்கு மாத வருமானம் 22,500 ரூபாயைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் 30,000 வரை பாதி உதவி. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரு காதுகளிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 டெசிபெல் இழப்பு வந்தால்தான் ஒருவரைச் செவித்திறன் குறைந்தவராகவே ஏற்கும். உலக சுகாதார நிறுவனமோ, நன்றாகக் கேட்கும் காதில் 35 டெசிபெலுக்கு மேல் இழப்பு இருந்தாலே மறுவாழ்வு உதவி தேவை என்கிறது. 35-க்கும் 60-க்கும் இடைப்பட்டவர்கள் எங்கே போவார்கள்? உரையாடலைத் தொடர முடியாமல், மேஸ்திரியின் கட்டளை புரியாமல், வண்டியின் ஒலிப்பான் எத்திசையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் தடுமாறும் தொழிலாளிகளில் ஏராளமானோர் இந்த இடைவெளியில்தான் நிற்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. சந்தையின் கண்ணில் மட்டும் அவர்கள் வாடிக்கையாளர்கள்.

அந்தச் சந்தை யாருடையது? சோனோவா, டெமான்ட், டபிள்யூஎஸ் ஆடியாலஜி, ஜிஎன், ஸ்டார்க்கி என்ற ஐந்து நிறுவனங்கள் உலகச் செவிக்கருவி வணிகத்தின் மிகப் பெரும்பகுதியைத் தம்மிடையே பங்கிட்டுக்கொண்டுள்ளன. கடையில் வேறுவேறு பெயர்களில் அடுக்கியிருக்கும் பெட்டிகள் பெரும்பாலும் இந்த ஐந்து வீடுகளின் பிள்ளைகளே. இவற்றுள் சில, உலகின் பல நாடுகளில் கருவி விற்கும் கடைச்சங்கிலிகளையும் தாமே வைத்திருக்கின்றன. நம் நாட்டில் செவிக்கருவிக்கு ஜிஎஸ்டி கிடையாது. எனவே வரிமீது பழிபோட இயலாது. இருந்தும் ஒரு ஜோடிக்குச் சில பல ஆயிரங்களில் தொடங்கி இரண்டு மூன்று லட்சம் வரை விலை. கருவியின் விலையையும், பொருத்தும் பணிக்கான கட்டணத்தையும் ஒன்றாகக் கட்டி விற்பதால், எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று வாங்குபவருக்குத் தெரியாது.

விலைக்கு உச்சவரம்பு விதிப்பது இயலாத காரியமன்று. 2017 பிப்ரவரியில் இதயக் குழாய் ஸ்டென்ட்டுக்கும், அதே ஆண்டு ஆகஸ்டில் மூட்டு மாற்றுக் கருவிக்கும் இந்த நாட்டில்தான் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. நிறுவனங்கள் அழுதன, மிரட்டின. நோயாளிகளுக்கு ஸ்டென்ட் தொடர்ந்து கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. காதுக்கு மட்டும் ஏன் இல்லை? காது போனவன் சாவதில்லை, அதனால் செய்தியாவதில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

"சந்தையைத் திறந்துவிட்டால் விலை இறங்கும்" என்று சொல்வோர் அமெரிக்காவைச் சுட்டுகிறார்கள். அங்கே 2022 அக்டோபர் முதல் மருத்துவச் சீட்டின்றியே பெரியவர்கள் கடையில் கருவி வாங்கலாம். அது இலேசான, நடுத்தர இழப்பு உள்ளவர்களுக்கு மட்டுமே. தாமே கைபேசிச் செயலியில் இசைவித்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு அது உதவலாம். பெட்டியை மட்டும் மலிவாகக் கொடுத்துவிட்டுப் பணியை மறந்துவிடும் தவறில் அமெரிக்கக் கடையும் நமது முகாமும் ஒன்றே.

1948-இல் போரால் சிதைந்து, ரேஷனில் வாழ்ந்த பிரிட்டன் வேறொன்றைச் செய்தது. தேசியச் சுகாதாரச் சேவை தொடங்கிய ஆண்டிலேயே மெட்ரெஸ்கோ என்ற செவிக்கருவியை அரசே வடிவமைப்பித்து மக்களுக்கு இலவசமாக வழங்கியது. பார்க்க அழகான கருவியன்று அது. பேட்டரிப் பெட்டியைத் தனியே சுமக்க வேண்டும். ஆனால் சோதனையும், பொருத்தலும், பழுதும், பேட்டரியும் அந்தச் சேவைக்குள் அடங்கின. இன்றும் அங்கு அது தொடர்கிறது. பன்னாட்டு நிறுவனங்களிடமிருந்தே மொத்தமாகக் கொள்முதல் செய்து, கடைவிலையில் ஒரு சிறு பங்குக்கு வாங்குகிறார்கள். சோசலிச நாட்டின் எடுத்துக்காட்டைச் சொன்னால் முகம் சுளிப்பவர்களுக்காகவே பிரிட்டனைச் சொல்கிறேன்.

நம்மிடம் அடித்தளம் இல்லாமலில்லை. கான்பூரில் 1972-இல் நிறுவப்பட்ட அலிம்கோ என்ற பொதுத்துறை நிறுவனம் உள்ளது. மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனமும், மும்பையில் அலி யாவர் ஜங் பெயரிலான தேசிய நிறுவனமும் வல்லுநர்களை உருவாக்குகின்றன. காது கேளாமைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2006-இலேயே தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களும் மாவட்ட மருத்துவமனைகளுக்கு ஆளும் நிதியும் தாராளமாகக் கொடுத்துவிடவில்லை. பின்வந்தவர்கள் விழாவை மட்டும் பெரிதாக்கினார்கள். அலிம்கோவை முகாம்களுக்குப் பெட்டி அனுப்பும் கிடங்காகச் சுருக்காமல், ஆராய்ச்சிக்கும் உற்பத்திக்கும் முதலீடு தர வேண்டும். ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் நிரந்தரப் பணியில் ஓர் ஆடியாலஜிஸ்ட், காது அச்சு எடுக்கும் வசதி, பேட்டரியும் பழுதும் இலவசம் என்ற நிலை வர வேண்டும். 60 டெசிபெல் என்ற வாசற்படியை இடித்தாக வேண்டும். இவற்றை அரசு மனமிரங்கித் தரப்போவதில்லை.

இதற்கிடையில் தொழிற்சங்கங்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உள்ளது. இழப்பீட்டு வழக்குகளில் முதலாளியின் வழக்கறிஞர் முதலில் கேட்பது, "இங்கே சேர்வதற்கு முன் இவருக்குக் காது கேட்டது என்பதற்கு என்ன சான்று?" என்பதைத்தான். ஆறு மாதம் தொடர்ந்து இரைச்சலில் வேலை செய்திருந்தால் நோய் தொழிலால் வந்தது என்று கருதச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த ஆறு மாதத்தையும், இழப்பின் அளவையும் காட்டத் தாள் வேண்டும். ஆகவே ஊதிய உயர்வுக் கோரிக்கைப் பட்டியலிலேயே, வேலையில் சேரும் நாளில் ஓர் ஆடியோகிராம், பின்னர் வயது வேறுபாடின்றி ஆண்டுக்கொரு ஆடியோகிராம் என்பதையும் சேர்க்க வேண்டும். பிவண்டி, சூரத் தறிகள் மட்டுமல்ல, லூதியானாவின் பட்டறைகள், ஹூக்ளிக்கரைச் சணல் ஆலைகள் எங்கும் இது பொருந்தும். இஎஸ்ஐ அட்டை உள்ளவர்களை ஒரு விடுமுறை நாளில் பத்துப் பத்துப் பேராகச் சங்கமே அழைத்துச் சென்று சோதனை செய்விக்கலாம். இரைச்சலிலிருந்து விலகி ஓர் இரவாவது ஓய்ந்தபின் சோதித்தால்தான் அளவு சரியாக வரும் என்பதையும் தோழர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். சோதனை முடிந்ததும் தாளின் ஒரு நகல் சங்க அலுவலகத்தின் கோப்பில் இருக்கட்டும். மூலம் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும்.